மாத்திரை கிருமியைத் தடுக்காது: கருத்தடையிலும் பால்வினைத் தொற்றிலும் பதின்வயதினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதுகாப்பில்லாத உடலுறவால் வரக்கூடிய சிக்கல்கள் இரண்டு. ஒன்று கர்ப்பம், மற்றொன்று தொற்று. பதின்வயதில் பலருக்கும் முதலாவதைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருக்கிறது. அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டால் இரண்டாவதும் சேர்ந்தே தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

கருத்தடை மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட், கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி ஆகியவை கர்ப்பத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் எச்ஐவி, கொனோரியா, சிபிலிஸ் என்று எந்தக் கிருமியையும் இவை தடுக்காது. இரண்டுக்கும் சேர்த்து உதவுவது ஆணுறையும் பெண்ணுறையும் மட்டும்தான். அதனால்தான் மருத்துவர்கள் மாத்திரையோ காப்பர் டியோ இருந்தாலும் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்வதும் ஒரு முறைதான். அப்படிச் சொல்ல யாருக்கும் காரணம் காட்ட வேண்டியதில்லை.

எந்த முறை எவ்வளவு காக்கும்?

எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு உறவில் இருக்கும் 100 பெண்களில் சுமார் 85 பேர் கர்ப்பமடைகிறார்கள். விந்து வெளிவருவதற்குள் விலகிவிடும் முறையை நம்பினால் சுமார் 20 பேர். ஆணுறை என்றால் 13, மாத்திரை என்றால் 7. காப்பர் டியிலும் இம்ப்ளான்டிலும் ஒருவருக்கும் குறைவு.

இவை நடைமுறைக் கணக்கு, அதாவது மறதியும் அவசரமும் சேர்ந்த கணக்கு. ஒவ்வொரு முறையும் பிழையே இல்லாமல் பயன்படுத்தினால் ஆணுறையில் இந்த எண்ணிக்கை 2 ஆகக் குறைகிறது, மாத்திரையில் ஒன்றுக்கும் கீழே போகிறது. இடையிலுள்ள வித்தியாசம் முழுக்க நம் கைப்பிழைதான். காப்பர் டி, இம்ப்ளான்ட் இரண்டிலும் மறப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட இல்லை. "அதெல்லாம் குழந்தை பெற்றவர்களுக்குத்தான்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் அப்படி எந்தத் தடையும் இல்லை. வயது குறைவு என்பதோ, இன்னும் குழந்தை பெறவில்லை என்பதோ இவற்றை மறுக்கப் போதிய காரணம் ஆகாது.

ஆணுறையில் நடக்கும் பிழைகள்

பெரும்பாலும் ஆணுறை தானாகக் கிழிவதில்லை, கிழியும்படி நாம்தான் பயன்படுத்துகிறோம். மாதக்கணக்கில் பர்ஸில் வைத்திருப்பது முதல் காரணம். சூடும் உரசலும் ரப்பரை நலிவாக்கிவிடும். உறையின் மேல் காலாவதித் தேதி இருக்கும், அதைப் பாருங்கள். பல்லாலோ கத்தரியாலோ பிரிக்காதீர்கள்.

அடுத்தது எண்ணெய். லேடெக்ஸ் ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாசலின், கை கிரீம் எதைச் சேர்த்தாலும் சில நிமிடங்களிலேயே ரப்பர் வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். வழவழப்பு தேவையென்றால் நீர் அல்லது சிலிக்கான் சார்ந்த லூப்ரிகன்ட் மட்டுமே. லேடெக்ஸ் ஒவ்வாமை இருப்பவர்களுக்குப் பாலியூரித்தேனில் செய்த ஆணுறைகள் கிடைக்கின்றன.

இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டு ஆணுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள் சிலர். ஒன்றோடொன்று உரசிக் கிழிய அதுவே வழி செய்யலாம். ஆணுறையும் பெண்ணுறையும் ஒரே நேரத்தில் என்பதும் இப்படித்தான்.

நேரம் பற்றிய பிழைதான் அதிகம். உறவின் நடுவில் அல்லது கடைசியில் போட்டுக்கொள்வது பலருடைய வழக்கம். தொற்று பரவ விந்து வெளிப்பட வேண்டியதில்லை, தோலும் திரவமும் பட்டாலே போதும். முன்னதாகக் கசியும் திரவத்தில் விந்தணு இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் பிறப்புறுப்புகள் தொடுவதற்கு முன்பே போட வேண்டும். நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்ட வேண்டும். தவறிப்போய் உட்புறம் வெளியே இருக்கும்படி வைத்துவிட்டால் அதையே திருப்பிப் போடக் கூடாது, புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும். முடிந்ததும் விறைப்பு தணிவதற்குள் அடிவிளிம்பைப் பிடித்தபடி விலக வேண்டும். இந்தக் கடைசிப் படியை விடுவதால்தான் பல ஆணுறைகள் உள்ளேயே நழுவிப்போகின்றன. ஒரு ஆணுறை ஒரு முறைக்குத்தான், கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது.

ஆணுறைக்கும் ஓர் எல்லை உண்டு. எச்ஐவி, கொனோரியா, கிளமிடியா போன்றவற்றுக்கு அது நல்ல தடுப்பு. ஹெர்பிஸ், எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்), சிபிலிஸ் மூன்றும் தோல் பட்டாலே பரவக்கூடியவை. ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அங்கிருந்து தொற்றலாம். வாய்வழி, ஆசனவாய்வழி உறவில் கர்ப்பம் ஆகாது என்பதால் அதைப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடுகிறார்கள். தொண்டையிலும் மலக்குடலிலும் கொனோரியா தங்கும். சிபிலிஸும் ஹெர்பிஸும் அவ்வழியாகவும் பரவும்.

நாள் கணக்கை நம்புவது

மாதவிலக்குக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் பாதுகாப்பானவை என்ற கணக்கு, சுழற்சி ஒழுங்காக வருகிறவர்களுக்கே தவறுகிறது. பதின்வயதில், அதுவும் பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில், சுழற்சி ஒரு மாதம் போல் மறுமாதம் இருக்காது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை எந்த நாளில் வெளிவரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் மாதவிலக்கின்போது உறவு கொண்டாலும் கர்ப்பம் தரிக்கலாம். முதல் தடவையிலும் தரிக்கலாம். முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவர வாய்ப்புண்டு என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

உடனே சிறுநீர் கழிப்பது, குதிப்பது, உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது இவையெல்லாம் பலன் தராது. உள்ளே கழுவுவதால் அங்கே இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குலைந்து தொற்று வர ஏதுவாகும், அவ்வளவுதான் மிச்சம்.

மாத்திரையும் அவசர மாத்திரையும்

தினசரி கருத்தடை மாத்திரையைத் தோழியிடமிருந்து வாங்கிப் போடுவது தவறு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை (கலப்பு மாத்திரை) எல்லாருக்கும் ஒத்துவராது. ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களும், கண்முன் ஒளிக்கோடுகள் தெரிந்து பின் ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை தொடங்கிய முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் சேர வேண்டும். மாதவிலக்கின் முதல் 5 நாட்களுக்குள் தொடங்கினால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. கலப்பு மாத்திரையில் ஒன்றை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிடலாம், அதே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் அடுத்த 7 நாட்கள் ஆணுறை வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின் போன்ற சில வலிப்பு மருந்துகளும் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். சாதாரணக் காய்ச்சலுக்குத் தரும் ஆன்டிபயாடிக்குகள் அப்படிச் செய்வதில்லை.

அவசர மாத்திரையைச் சுற்றித்தான் கட்டுக்கதைகள் அதிகம். லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற அவசர மாத்திரையை உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். அதற்காக மூன்றாம் நாள் வரை காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது தவறு, ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பலன் குறைகிறது. உலிப்ரிஸ்டல் என்ற இன்னொரு மாத்திரை 120 மணி நேரம் வரை பயன்படும். உடல் எடை கூடுதலாக இருந்தால் லெவோனார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. இவற்றைவிட உறுதியானது 5 நாட்களுக்குள் காப்பர் டி வைத்துக்கொள்வது. அது அப்படியே நீண்டகாலக் கருத்தடையாகவும் இருந்துவிடும்.

இந்த மாத்திரைகள் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகின்றன. தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. மலட்டுத்தன்மையும் வராது. நேற்றைய உறவுக்காகப் போட்ட மாத்திரை நாளைய உறவுக்கு உதவாது, சொல்லப்போனால் தள்ளிப்போன கருமுட்டை அப்போதுதான் வெளிவரக்கூடும். போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டியிருக்கும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால், அல்லது 3 வாரம் ஆகியும் வராவிட்டால், கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். உறவு முடிந்த நாலாம் நாளே கிட் வாங்கிப் பார்த்துவிட்டு நிம்மதியடைவதில் அர்த்தமில்லை, அப்போது அது எதையும் காட்டாது.

கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு. கர்ப்பம் உறுதியானால் யாரோ வாங்கித் தரும் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, தாமதம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தொற்று கண்ணுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை

குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், ட்ரைக்கோமோனியாசிஸ். உலகில் தினமும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தொற்றுகள் இந்த நான்கால் மட்டுமே ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பரவக் காரணம், பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாததுதான். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது. கண்டுகொள்ளாமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறித் தழும்பாக்கி, பின்னாளில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கும். ஆளைப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறான், நல்ல குடும்பத்துப் பெண் என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது.

சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. முதலில் வலியே இல்லாத ஒரு புண் வரும். 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். போய்விட்டது என்று நினைத்து நிம்மதியாக இருப்பார்கள், கிருமி உள்ளே இருக்கும். சில வாரங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதுவும் மறையும். பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். பிறப்புறுப்பில் வந்த புண் ஆறிவிட்டது என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுநாளே பரிசோதனை செய்து "நெகட்டிவ்" என்று மகிழ்வது இன்னொரு தவறு. கிளமிடியா, கொனோரியா தெரிய சுமார் 2 வாரம் ஆகும். ஆய்வகத்தில் செய்யும் புதிய வகை எச்ஐவி ரத்தப் பரிசோதனைக்கு 45 நாள் வரையும், விரலில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 3 மாதம் வரையும் பொறுத்தால்தான் முடிவை நம்பலாம். எச்ஐவி தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் பொறுக்கவே கூடாது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. கர்ப்பத்துக்கு அவசர மாத்திரை இருப்பது தெரிந்த பலருக்கு இது இருப்பது தெரியாது. கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் இந்த இரண்டையும் அன்றே கேட்டுப் பெற வேண்டும். அங்கே தவறு செய்தவர் நீங்கள் இல்லை.

மருந்துக்கடையில் கேட்டோ, வீட்டில் மிச்சமிருப்பதையோ விழுங்குவதைச் சுயவைத்தியம் என்றுகூடச் சொல்ல முடியாது. கொனோரியா ஏற்கெனவே பென்சிலினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் வென்றுவிட்டது, இப்போது பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான். அரைகுறை மருந்து அறிகுறியை அடக்கும், கிருமியை விட்டுவைக்கும். அப்புறம், ஒருவர் மட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டால் துணையிடமிருந்து அதே தொற்று திரும்ப வரும். இருவரும் எடுத்து, முடித்த பிறகும் ஒரு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுபுறம், தேவையில்லாத பயமும் உண்டு. கழிவறை இருக்கை, கொசுக்கடி, கட்டிப்பிடிப்பது வழியாக எச்ஐவி பரவாது. வாடையில்லாமல், அரிப்பில்லாமல் சற்று வெள்ளைப்படுவது இயல்பானது. நிறம் மாறினாலோ, வாடை வந்தாலோ, எரிச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தாலோ காட்டுங்கள். ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ், விதைப்பை வலி இருந்தால் அதே கதைதான்.

எச்பிவி தடுப்பூசியைத் "திருமணத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் எச்பிவியின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருகிறது. தடுப்பூசி முழுப் பலன் தருவது வைரஸைச் சந்திப்பதற்கு முன்பு போட்டால்தான். அதனால்தான் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இளம்வயதினருக்கு ஒரே டோஸும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. அந்த வயது தாண்டிவிட்டால் பயனே இல்லை என்பதில்லை, கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைப் பருவத்தில் போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

"நான் சொல்வது வீட்டுக்குத் தெரியவருமா?" என்று முதலிலேயே கேட்டுவிடலாம். வயது, சம்மதம், இரகசியம் பற்றிய சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதற்கான பதில் மருத்துவரிடமிருந்தே வர வேண்டும். உறவு நடந்த தேதி, கடைசி மாதவிலக்குத் தேதி, என்ன தடுப்பு பயன்படுத்தினீர்கள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற நான்கும் அவருக்குத் தேவை. வெட்கத்தில் தேதியை மாற்றிச் சொன்னால் எந்த மாத்திரை, எப்போது பரிசோதனை என்ற முடிவும் மாறிப்போகும். மருத்துவர் திட்டினாலோ அறிவுரையோடு அனுப்பிவிட்டாலோ அன்றைக்கே வேறொருவரைப் பாருங்கள். 72 மணி நேரம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.