நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அலுவலக வேலை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னது. அடுத்த மாதம் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதமாக உயர்ந்தது; திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்கள் தையல் கூடத்தில் மட்டுமல்லாமல் அலுவலக அறையிலும் செலவைக் குறைக்க வழி தேடின. தொழில் மந்தமாகும்போது கணக்குப் பிரிவு மேலாளர், கொள்முதல் அதிகாரி, நிர்வாக அலுவலர், சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் ஆகியோரின் இடங்களும் கேள்விக்குள்ளாகின்றன. அப்படி வெளியே வந்தவர்களில் பலர் 45 முதல் 55 வயதுக்குள் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த வயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன.

இந்த வயதில் வேலை தேடுவது கடினம் என்பது உண்மை. தனியார் நிறுவனங்கள் விளம்பரத்தில் வயது வரம்பு குறிப்பிடுவதைத் தடுக்கும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால், மந்த காலத்தில் நிறுவனங்கள் எதற்காக ஆள் எடுக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் தேடுவதால் இந்தக் கடினம் இரட்டிப்பாகிறது. நல்ல காலத்தில் ஒரு நிறுவனம் வளர்ச்சிக்காக ஆள் சேர்க்கும். மந்த காலத்தில் அது ஒருவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பவோ, முடியாமல் கிடக்கும் ஏதோ ஒரு வேலையை முடிக்கவோதான் ஆள் தேடும்: ஆறு மாதமாக வராத பாக்கி, சரிபார்க்கப்படாத வரிக் கணக்கு, துறையின் நோட்டீசுக்கு அனுப்ப வேண்டிய பதில். அந்த வேலையை இவர் முடித்துத் தருவார் என்ற நம்பிக்கை எதிரில் இருப்பவருக்கு வராதபடி செய்யும் எதுவும் தவறுதான்.

அவற்றில் மிகப் பெரியது, வேலை போனதை மறைப்பது. காலையில் வழக்கமான நேரத்துக்குச் சாப்பாட்டுப் பையுடன் கிளம்பி, நூலகத்திலோ பூங்காவிலோ பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். உறவினர்களுக்குத் தெரிந்தால் மரியாதை போய்விடும், மகளின் கல்யாணப் பேச்சு தடைபடும் என்ற அச்சம் அவர்களை வாய் மூட வைக்கிறது. அந்த அச்சம் பொய்யானதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். சிறு, நடுத்தர நிறுவனங்களின் அலுவலக வேலைகளில் பெரும் பகுதி விளம்பரத்துக்கே வருவதில்லை. அம்பத்தூரிலோ கோவையிலோ ஓசூரிலோ பட்டறை நடத்தும் முதலாளி, தன் கணக்காளர் நின்றுவிட்டால் முதலில் தொலைபேசியில் அழைப்பது தன் ஆடிட்டரைத்தான். ஆடிட்டர் அலுவலகம், நிறுவனங்களுக்கு டேலி மென்பொருளைப் பராமரித்துத் தருபவர், வங்கிக் கிளையில் தொழிற்கடன் பார்க்கும் அதிகாரி, சுங்க முகவர், மூலப்பொருள் விற்பனையாளர் என்று எந்த நிறுவனத்தில் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்பதை அறிந்தவர்களின் வட்டம் ஒன்று ஒவ்வொரு தொழில் நகரிலும் உண்டு. இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு அந்த வட்டத்தில் அறிமுகம் இருக்கும், இருபத்தைந்து வயது இளைஞருக்கு இருக்காது. வயதால் கிடைத்த இந்த ஒரே சாதகத்தைக் கூச்சத்தின் பேரில் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சொல்லும் விதத்திலும் தவறு நேர்கிறது. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்" என்று கேட்டால், எதிரில் இருப்பவருக்கு இரக்கம் வரும், ஆனால் யாரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியாது. "பதினெட்டு வருஷம் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்திருக்கிறேன், ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் வேலையை முழுசாக நானே செய்வேன், கிண்டி, அம்பத்தூர் பக்கம் என்றால் உடனே சேர முடியும்" என்று சொன்னால், அதை அவர் அப்படியே இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியும்.

அடுத்தது தன்விவரக் குறிப்பு. தந்தை பெயர், மதம், கையொப்பத்துக்கு மேலே உறுதிமொழி என்று பழைய பயோடேட்டா வடிவத்தில், 1996-இல் சேர்ந்த முதல் வேலையிலிருந்து தொடங்கி ஆறு பக்கம் நீளும் குறிப்புகள் இன்றும் வருகின்றன. நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர் குறிப்பைப் படிப்பதற்கு முன் சொல்லைப் போட்டுத் தேடுகிறார். அண்மையில் தளத்துக்கு வந்து விவரத்தைப் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் அவரால் முடியும். "கணக்குப் பிரிவின் முழுப் பொறுப்பு" என்ற வரி அந்தத் தேடலில் சிக்காது. ஜி.எஸ்.டி.ஆர்.-3பி, டி.டி.எஸ்., டேலி பிரைம், சேப் (SAP) வணிக மென்பொருள், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்று வேலையின் பெயர்கள் அப்படியே இருந்தால்தான் அகப்படும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை விரிவாகவும், அதற்கு முந்தையதை இரண்டு மூன்று வரிகளிலும் எழுதி இரண்டு பக்கத்தில் முடிப்பது போதும்.

பழைய ஆண்டுகளைச் சுருக்குவது வேறு. தேதிகளைத் திருத்துவது வேறு. வேலையில்லாத எட்டு மாதத்தை மறைக்க முந்தைய நிறுவனத்தில் இருந்த காலத்தை நீட்டி எழுதுகிறவர்கள், வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் இது வெளிப்பட்டால், கையில் வந்த பணி ஆணையே திரும்பப் பெறப்படலாம். இடைவெளியை ஒரே வரியில் உள்ளபடி எழுதிவிடுவது எவ்வளவோ மேல். மந்த காலத்தில் ஆட்குறைப்பால் வந்த இடைவெளியைப் பெரும்பாலோர் குற்றமாகப் பார்ப்பதில்லை. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழிந்தபின் உறுப்பினரே அதை இணையத்தில் பதிவு செய்யலாம். பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் பிடித்தச் சான்று ஆகியவற்றை உரிய நேரத்தில் வாங்காமல் விட்டவர்கள், நிறுவனம் மூடப்பட்டபின் அலைந்திருக்கிறார்கள்.

அனுபவத்தைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "இருபத்தைந்து ஆண்டு அனுபவம்" என்ற சொற்றொடரைக் கேட்கும் இளைய மேலாளர், வாட் வரிக் காலத்தில் கற்றதோடு நின்றுபோனவரோ என்று சந்தேகப்படுகிறார். கணக்கு வேலையில் கடந்த சில ஆண்டுகளில் மாறியவை கொஞ்சமல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. விற்பவர் தாக்கல் செய்வதை வைத்து உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையோடு, கொள்முதலில் செலுத்திய உள்ளீட்டு வரியை மாதந்தோறும் ஒப்பிட வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாகியே ஆக வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமானது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை, பணம் கொடுக்கும் ஆண்டின் வருமானத்தில்தான் கழிக்க முடியும். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. இவற்றில் ஏதேனும் இரண்டு, தன் பழைய நிறுவனத்தில் என்ன சிக்கலைக் கொண்டுவந்தன, அதைத் தான் எப்படித் தீர்த்தார் என்று ஒருவர் நேர்காணலில் தெளிவாகச் சொல்லிவிட்டால், வயது பற்றிய சந்தேகம் பெருமளவு விலகிவிடும். குடும்பப் பொறுப்புக்காகப் பத்தாண்டு விலகியிருந்து திரும்பும் பெண்களுக்கும் இது பொருந்தும். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சில மாதங்கள் குறைந்த ஊதியத்துக்கேனும் இந்த வேலைகளைக் கையால் செய்துவிட்டுச் சென்றால், இடைவெளியைப் பற்றிய கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

இதற்கு நேரெதிரான தவறு, பதற்றத்தில் லட்சக்கணக்கில் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வது. வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் தரும் சேப் சான்றிதழ், அதை வைத்து வேலை செய்த அனுபவம் இல்லாத 48 வயதுக்காரருக்கு அரிதாகவே கதவைத் திறக்கிறது. எக்செலில் பிவட் அட்டவணையும் எக்ஸ்லுக்அப் சூத்திரமும் தடுமாறாமல் போட வருவது அதைவிடப் பயன்படும். அதை வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்கலாம்.

நேர்காணலில் எதிரே இருப்பவர் முப்பது வயதைத் தொடாதவராக இருக்கலாம். அவரைத் "தம்பி" என்றோ "என்னம்மா" என்றோ அழைப்பது அன்பால் வந்தாலும், அந்த அறையில் அது அவரைச் சிறுமைப்படுத்துவதாகவே கேட்கும். "நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் நான்" என்ற வாக்கியமும் அப்படித்தான்: சொல்பவருக்கு அது தகுதி, கேட்பவருக்கோ இவர் தன் கையால் ஒரு பதிவும் போடமாட்டார் என்ற எச்சரிக்கை. தன்னைவிட இளையவரின் சொல்லைக் கேட்பாரா, இரண்டு மாதத்தில் வேறிடம் போய்விடுவாரா, உடல் ஒத்துழைக்குமா என்ற மூன்று ஐயங்களும் அங்கே வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கின்றன. கேட்கப்படாததால் பதில் சொல்லாமல் விடுவதும் தவறே. இளைய மேலாளரின் கீழ் வேலை செய்த ஓர் உண்மை நிகழ்வு, இந்த வேலையில் ஏன் நீடிக்க விரும்புகிறார் என்பதற்கு ஒரு நேர்மையான காரணம், இவை இரண்டும் பேச்சின் போக்கில் வந்தால் போதும்.

சம்பளப் பேச்சில், கடைசியாக வாங்கிய தொகையிலிருந்து ஒரு ரூபாய் குறையக்கூடாது என்று நிற்பவரும், "எதுவானாலும் பரவாயில்லை" என்று சொல்பவரும் ஒரே அளவில் வாய்ப்பை இழக்கிறார்கள். முதலாமவர் கட்டுப்படியாகமாட்டார், இரண்டாமவர் நிலைக்கமாட்டார் என்று நிறுவனம் கருதிவிடுகிறது. வீட்டின் மாதச் செலவு, கடன் தவணை, தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் போய்வரும் செலவும் நேரமும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தப் பொறுப்புக்கு அந்தப் பகுதியில் நடப்பில் உள்ள சம்பளத்தையும் விசாரித்து, ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும்.

வேலைக்காகப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம், டெலிகிராமில் வரும் சிறு பணிகள் எல்லாம் ஏமாற்று. தாய்லாந்தில் அலுவலக வேலை என்று சொல்லி மியான்மர், கம்போடிய இணைய மோசடிக் கூடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழ்நாட்டினரும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வேலை தேடும் காலத்தில் கையிருப்பை எப்படிக் காப்பது என்பதும் தேடலின் ஒரு பகுதியே, ஏனெனில் பணம் தீர்ந்தவர் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்கிறார். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. நிறுவனம் அதை 30 நாட்களுக்குள் தர வேண்டும். எழுத்தில் கேட்காமல் விடாதீர்கள். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுச் சேவை நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும் என்பதால், எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகள் முடித்தவர் அவசரத்தில் படிவம் 10சி மூலம் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால், அந்தச் சேவைக் காலம் முழுவதும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. அதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிபிகேட்) வாங்கி வைத்து அடுத்த வேலையோடு சேர்த்துக்கொள்வதே நல்லது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிகிறது. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற அனுமதி உண்டு என்பதை வெளியேறும் முன்பே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் இதைத் தவறவிட்டால், ஏற்கனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பணிக்கொடைப் பணத்தை, நடத்திப் பழக்கமில்லாத தேநீர்க் கடைக் கிளை உரிமத்தில் (ஃபிரான்சைஸ்) போடும் யோசனையை, குறைந்தது வேலை தேடும் காலத்திலாவது ஒத்திவையுங்கள்.

கடைசியாக, ஒப்பந்த வேலையையும் பகுதி நேர வேலையையும் மதிப்புக் குறைவென்று தட்டிக் கழிப்பது. மந்த காலத்தில் நிரந்தர இடத்துக்கு அனுமதி கிடைக்காத மேலாளர், ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆளை எடுத்துப் பார்ப்பது வழக்கம். இரண்டு மூன்று சிறு நிறுவனங்களுக்கு வாரத்தில் சில நாட்கள் வீதம் கணக்குப் பார்ப்பவர்கள் பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதும் உண்டு. ஏற்கும் முன், பி.எஃப். பிடித்துச் சம்பளமாகத் தருகிறார்களா, தொழில்முறைக் கட்டணமாகக் கருதி 10 சதவீத வரி பிடித்துத் தருகிறார்களா, மருத்துவக் காப்பீடு உண்டா, எத்தனை நாள் முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரமாக்குவோம் என்று வாயால் சொன்னால், எந்த மாதத்தில் அதைப் பரிசீலிப்பார்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.