பொதுவாக்கெடுப்பு எண்ணிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர்ப் பொதுவாக்கெடுப்பில் பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பக்கம். சுலபம்தானே என்று பெட்டியைத் திறந்த கையோடு சீட்டுகளைப் பிரிக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. முதலில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, மொத்தம் எத்தனை என்று மட்டும் எண்ணி, வாக்குச்சாவடிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 412 சீட்டு கொடுத்து, அதில் பாழாகி 3 திரும்பியிருந்தால் பெட்டியில் 409 இருக்க வேண்டும். 408 என்றால், யாராவது சீட்டைப் போடாமல் கொண்டுபோயிருக்கலாம். மறுபடி எண்ணியும் அதே தொகை வந்தால் குறிப்பில் எழுதிவிட்டு மேலே போகலாம். 410 வந்தால் அங்கேயே நிறுத்தி, அடிக்கட்டைகளை, அதாவது சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் மிஞ்சும் துண்டுகளை, சரிபார்க்க வேண்டும். யாருக்கு எத்தனை என்று தெரிந்த பிறகு இந்த வித்தியாசம் வெளிப்பட்டால் சண்டையில்தான் முடியும்.

அடுத்து கட்டுகள். 50 சீட்டு கொண்ட ஓர் 'இல்லை' கட்டு 'ஆம்' குவியலுக்குப் போனால் ஒரு பக்கம் 50 கூடி, மறுபக்கம் 50 குறையும். வித்தியாசம் 100 மாறிவிடும். மொத்தத் தொகை சரியாகவே இருப்பதால் கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சந்தேகச் சீட்டுகளை அந்தந்த மேசையிலேயே தீர்க்க விடாதீர்கள். கட்டத்துக்குச் சற்று வெளியே விழுந்த குறியை ஒரு மேசை ஏற்கும், இன்னொன்று தள்ளும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்து, இரு தரப்பு முகவர்களும் பார்க்க, தேர்தல் அலுவலர் ஒருவரே முடிவு செய்யட்டும். தள்ளியவற்றின் பின்னால் காரணம் எழுதுங்கள்: வெற்றுச்சீட்டு, இரண்டிலும் குறி, வாக்காளர் அடையாளம் தெரிகிறது. பாழானதென்று வாக்குச்சாவடியில் திரும்பிய சீட்டையும் செல்லாத வாக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது; முன்னது பெட்டிக்குள் விழவே இல்லை.

பெரிய வில்லங்கம் முடிவைக் கணக்கிடும்போதுதான் வரும். வாக்காளர் 1,200, பதிவானது 640, செல்லுபடியானது 610, 'ஆம்' 312, 'இல்லை' 298 என்று வையுங்கள். செல்லுபடியானதில் 'ஆம்' 51.1 சதவீதம், பதிவானதில் 48.75, வாக்காளர் பட்டியலில் வெறும் 26. எதன் மேல் சதவீதம் என்பதை விதிமுறை வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 1979இல் ஸ்காட்லாந்தில் தனிச் சட்டமன்றம் அமைப்பது பற்றிய பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 51.6 சதவீதம் பேர் 'ஆம்' என்றும் தீர்மானம் தோற்றது. பட்டியலில் உள்ளவர்களில் 40 சதவீத ஆதரவு வேண்டுமென்று விதி இருந்தது, கிடைத்ததோ சுமார் 33. குறைந்தபட்ச வாக்குப்பதிவு நிபந்தனை இருந்தால், செல்லாத வாக்கும் அதில் சேருமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சமநிலை வந்தால் வேட்பாளர் தேர்தல் பழக்கத்தில் குலுக்கலுக்குப் போய்விடாதீர்கள். பெரும்பான்மை கேட்கும் விதியின்படி சமநிலையில் தீர்மானம் நிறைவேறாது.

அஞ்சல் வாக்குகள் சேராமல் 'முன்னணி நிலவரம்' சொல்வது வேண்டாத வேலை. தொகைகளை முகவர்களிடம் முதலில் காட்டி, மறுஎண்ணிக்கை கேட்க அவகாசம் கொடுத்து, படிவத்தில் கையெழுத்தான பிறகே அறிவியுங்கள். அறிவிக்கும்போது நான்கு எண்களையும் வாசியுங்கள்: பதிவானது, செல்லாதது, ஆம், இல்லை. பிறகு சீட்டுகளை வகைவாரியாக உறையிலிட்டு முத்திரை வையுங்கள்.