பிளொப்பியைப் பிடுங்கும் தம்பிமாருக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய பிளொப்பிகளோடு, அதாவது அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்த டிஸ்க்குகளோடு, இன்னும் ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் அவற்றில் இருப்பது அப்பாவின் கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் தேடுவார். அவற்றைத் திறக்கவே கடையில் பழைய கணினிகள் சிலவற்றை வைத்திருக்கிறேன். வேலை பழக வந்த தம்பிமார் அவற்றிலும் பென் டிரைவைப் போலப் பிடுங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். டிரைவின் விளக்கு எரியும்போது எடுக்காதே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விளக்கு அணைந்ததும் எடுப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். பிசியில், அதாவது ஐபிஎம் வகைக் கணினியில், டிரைவின் பொத்தான் வெறும் விசை. அழுத்தினால் டிஸ்க் வெளியே வரும், கணினியைக் கேட்காது. கடைசியாகப் படித்த இரண்டு வினாடிகளில் மோட்டார் நிற்கும், விளக்கும் அணையும். கோப்பு மூடப்பட்டதா என்பது விளக்குக்குத் தெரியாது. கோப்பின் புதிய நீளத்தை, பிசியை இயக்கும் மென்பொருளான டாஸ், டிஸ்க்கில் பதிவது மூடும்போதுதான்.

ஜெனரேட்டரில் ஓடிய எக்ஸ்டி என்ற ஒரு பழைய பிசியில், 360 கிலோபைட் டிரைவில், ஒரு கடன் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. டிரைவின் தாழைத் திறந்து, கடன் கணக்கு டிஸ்க்கைப் போட்டு, அதன்பிறகே கோப்பை மூடினேன். டிஸ்க் மாறியதை அறிய அந்த டிரைவுக்கு வழியில்லை. எந்தக் கோப்பு எங்கே என்று காட்டும் முதல் டிஸ்க்கின் அட்டவணையை இரண்டாவதன்மேல் எழுதிவிட்டது. புதிய உறுப்பினர்களும் இல்லை. கடன் கோப்பைத் திறந்தால் எழுத்துக் குப்பை. மூன்று இரவுகள் பேரேட்டைப் பார்த்துத் திரும்பவும் தட்டினேன். மண்ணெண்ணெய்க் காசும் என்னுடையது.

பின்னால் வந்த 1.44 மெகாபைட் டிரைவ், டிஸ்க் மாறியதை உணரும். முதலில் இருந்த டிஸ்க்கைத் திரும்பவும் போடக் கணினி சொல்லும். சொன்னால் போடுங்கள். போன கிழமை ஒரு தம்பி, கண்ட விசையையெல்லாம் அடித்து அந்தச் செய்தியை விரட்டிக்கொண்டிருந்தான்.

மெக்கின்டாஷில் பொத்தானைத் தேடுவது

இல்லை. 1984இல் வந்த ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் கணினியிலிருந்தே இல்லை. எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, மோட்டாரால் அதுவே டிஸ்க்கைத் தள்ளும். அதற்குத் திரையிலுள்ள டிஸ்க்கின் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுக்க வேண்டும், எதுவும் அழியாது. அதற்குப் பயந்து பட்டியலில் உள்ள வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்தால், டிஸ்க் வந்துவிடும், ஆனால் அதன் சாம்பல்நிற நிழல் திரையிலேயே நிற்கும். பிறகு கணினி அந்த டிஸ்க்கைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கும்.

கிளிப்பால் குத்துவது

மெக்கின்டாஷ் டிரைவின் வாய்க்குப் பக்கத்துச் சிறு துளையில் காகிதக் கிளிப்பைக் குத்தி டிஸ்க்கை எடுப்பது மின்சாரம் நின்றால் மட்டும்.

லேபிள்மேல் லேபிள்

உரிந்து டிரைவுக்குள் சுருண்டுவிடும். பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள்.