கோப்பி பட்டதும் சிங்கோனாவுக்கு ஓடாதீர்கள்: திருப்புமுனைகளில் நாம் செய்யும் தவறுகள்

2022 யூலை, பொருளாதார நெருக்கடி நேரம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருந்த தம்பி ஒருவர் விடியப்புறம் இரண்டரை மணிக்குப் பத்தரமுல்லைக்கு வெளிக்கிட்டார். கடவுச்சீட்டு வரிசை. கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு பணிஸ், ஒரு கோப்பு. அந்தக் கோப்புக்குள் முதல்நாள் கொடுத்த இராஜினாமாக் கடிதத்தின் பிரதியும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமும் பத்து மாதமும். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஐந்து வருடம் பூர்த்தியாகிப் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது கம்பனி தரும் மொத்தத் தொகை, கைக்கு வந்திருக்கும். அலுவலகத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. மேல்மாடியில் இருந்த நானும் கேட்கவில்லை.

நாடு ஒரு திருப்பத்தில் நிற்கும்போது நம்முடைய கணக்கும் கூடவே குழம்பிவிடுகிறது. அந்தக் குழப்பத்தில் செய்கிற பிழைகளைத்தான் எழுதப் போகிறேன். இலங்கையில் இவை ஏற்கெனவே செய்து பார்த்த பிழைகள்.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. இலைத்துரு நோய். அன்றைக்கே கோப்பி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், நடந்தது வேறு. அடுத்த பத்து வருடத்திலும் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் புதுக் காடு வெட்டிக் கோப்பியே நட்டார்கள். உலகச் சந்தையில் விலை ஏறியபடியால் ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தது கணக்குப் புத்தகத்தில் தெரியவில்லை. விலை நோயை மறைத்தது. கடைசியில், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் 1884இல் கதவை மூடியபோது, அது அச்சிட்ட பண நோட்டை வைத்திருந்த சனம் கலங்கியது. அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவிக்க வேண்டி வந்தது. 1885 முதல் நோட்டு அடிப்பதே அரசின் வேலையானது.

இதே மறைப்பு 2022இலும் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. ஏற்றுமதிக் கம்பனிகளின் ரூபாய் வருமானம் வீங்கியது. உள்ளே ஓடர் குறைந்திருந்தாலும் அறிக்கையில் எண் பெரிதாகத்தான் தெரியும். உங்கள் கம்பனி நன்றாக ஓடுகிறது என்று நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: விற்ற பொருள் கூடியதா, விலை மட்டும் கூடியதா?

கோப்பி விழுந்ததும் பயம் பிடித்தது. மலேரியாவுக்கான கொயினா மருந்துக்கு நல்ல விலை என்று, அதை எடுக்கும் பட்டைக்காகத் தோட்டம் தோட்டமாகச் சிங்கோனா மரம் நட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்துக் கப்பலேற்ற, இலண்டனில் பட்டை குவிந்து விலை சில வருடங்களுக்குள் சரிந்தது. சிங்கோனா நல்ல மரம்தான். கூட்டமாக ஓடியதுதான் கெடுத்தது. இன்றைக்கு ஒரே படிப்பு, ஒரே நாட்டு விசா என்று நம் பிள்ளைகளை ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்போது எனக்கு அந்தப் பட்டைக் குவியல்தான் நினைவுக்கு வரும்.

தேயிலை வந்த வழியைப் பாருங்கள். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல், அதாவது துரு கண்ணில் படுவதற்கு இரண்டு வருடம் முன்னமே, 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார். கோப்பி நன்றாக ஓடிய காலத்தில் செய்த சின்னப் பரீட்சை அது. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

அந்த 19 ஏக்கரை மனதில் வைத்துக்கொண்டு 2021ஐப் பாருங்கள். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. ஒரு மாவட்டத்தில்கூடச் செய்து பார்க்காமல் முழு நாட்டுக்கும் ஒரேயடியாக. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். இயற்கை உரத்தில் நம்பிக்கை வைத்திருந்த விவசாயிகளின் நல்ல பெயரும் அதோடு கெட்டது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அறிவித்துவிட்டு வருகிற திருப்பமும் உண்டு. எந்த நாடு எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த கோட்டா 2005 சனவரி 1ஆம் திகதி முடியும் என்பது பத்து வருடம் முன்னமே தெரியும். சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. உள்ளாடை, விளையாட்டு உடை என்று நுணுக்கமான தையலுக்கு முன்கூட்டியே மாறியவர்கள் நின்றார்கள்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது நம் ஆட்களே விடுகிற பிழை ஒன்று இருக்கிறது: முதலாளியின் நட்டத்தை மட்டும் எண்ணுவது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் வேண்டும். தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க வேண்டும். அதனால் குடும்பங்கள் லயன்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் நிலைத்தன. பயிர் மாறியதில் ஒரு சமூகமே இங்கே வேர்விட்டது. அந்தச் சமூகத்தில் பெரும்பாலோரைத்தான் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அப்படி நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழி திறந்தது. ஒரு தொழில் மாறும்போது அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏறுகிற கோடு ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணமும் ஆபத்து. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8%. சரியாக ஒரு வருடம் கழித்து 1.3%. உச்சத்தில் பயந்து விற்ற காணியையும் நகையையும் பழைய விலைக்கு வாங்க முடியவில்லை.

இனி சொந்தக் கணக்கு. ஒரு இலட்சம் அடிப்படைச் சம்பளம் என்றால், உங்கள் 8% போக, கம்பனி தன் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12%உம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3%உம் போடுகிறது. மாதம் 15,000. இந்த நிதிகள் இல்லாத ஒப்பந்த வேலைக்கு 1,15,000 தருகிறோம் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் ஒரு சதம்கூட மேலே போகவில்லை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை: அதே சம்பளத்துக்கு இரண்டரை இலட்சம். நான்கு வருடமும் பத்து மாதமும் என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை.

கீழ்வீட்டுத் தம்பி இப்போது கட்டாரில். போன கிழமை வாட்ஸ்அப்பில் எடுத்தார். தங்கச்சி வேலை மாறப் போகிறாளாம். “அண்ணை, அவளின்ர நியமனக் கடிதத்தில திகதியை ஒருக்காப் பாருங்கோ,” என்றார். பார்த்தேன். கார்த்திகை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.