பலகாரத் தொழில் வளர: என்ன விற்பது என்பதற்கு முன்னால் யாருக்கு விற்பது?

காரைக்குடியில் தேன்குழலும் மணகோலமும் போட்டு விற்காத தெரு குறைவு. ருசியை மட்டும் சொல்லி இங்கே ஆர்டர் பிடிக்க முடியாது, பக்கத்து வீட்டிலும் ருசியாகத்தான் செய்கிறார்கள். வீட்டிலிருந்தே பலகாரம் போடும் எனக்கு, பிள்ளையார் நோன்புக்கான பொருள்களில் இறங்கிய பிறகுதான் வியாபாரம் நிலைப்பட்டது. அந்த வழியை எழுதுகிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு முடித்து, 14 இலக்க எண்ணை லேபிளில் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஆர்டர் நோட்டைப் புரட்டுங்கள்

ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிரே, எதற்காக வாங்கினார்கள் என்று எழுதுங்கள். வளைகாப்பு, சீர், அறுபதாம் கல்யாணம், வெளியூர் போகும் பிள்ளைக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். எக்செல் வேண்டாம், சிவப்புப் பேனா போதும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதை வட்டமிடுங்கள்.

2. ஆள், நாள், சிரமம்

இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுத முடிந்தால் அதுதான் உங்கள் நிச் மார்க்கெட், அதாவது ஒரே தேவையுள்ள சின்ன வாடிக்கையாளர் கூட்டம். என் வரி இது: 'சென்னை, பெங்களூரு அபார்ட்மெண்டில் இருக்கும் நகரத்தார் குடும்பம், நோன்பு கும்பிட வேண்டும், மாவு இடிக்க ஆள் இல்லை.'

வெளியூர்க்காரர்களுக்காக: திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் இந்த நோன்பு. அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த இழை மாவில் நூல்திரி வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். கடல் தாண்டிப் போனவர்களும் விடுவதில்லை. அந்த மாவுக்குப் பதிலாக வேறு இனிப்பை வைத்துச் சமாளிக்கவும் முடியாது. விற்பவருக்கு இதைவிட உறுதியான தேவை கிடைப்பது அரிது.

3. கேட்டுப் பாருங்கள், ஆனால் 'வாங்குவீர்களா?' என்று கேட்காதீர்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். 'ஆச்சி, நோன்புக்கு மாவு போட்டுத் தரட்டுமா?' என்று கேட்டால், 'செய்யும்மா, நல்லா இருக்கும்' என்றுதான் பதில் வரும். மனம் நோகக்கூடாது என்று சொல்லும் வார்த்தை அது. அதை நம்பி அரிசி ஊறப்போட முடியாது.

நடந்ததைக் கேளுங்கள். 'போன வருஷம் மாவை யார் இடிச்சது, ஆச்சி?' 'எதுக்கு அலைய வேண்டியதாப் போச்சு?' 'எவ்வளவு மிஞ்சுச்சு?' இப்படிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாவு பிசைவதை அவர்கள் யாரிடமும் விடத் தயாராக இல்லை, அது வீட்டுப் பெரியவர் கையால் நடக்க வேண்டும். இடிப்பதும் சலிப்பதும்தான் பாரம். அப்புறம், கடையில் கிடைக்கும் அளவு நாலு பேர் உள்ள வீட்டுக்கு அதிகம். அதனால் பிசைந்த மாவை விட்டுவிட்டு, சலித்த உலர் மாவு, வெல்லம், பொரி என்று சின்னப் பொட்டலமாகக் கட்டினேன். கூரியரில் கெடாமல் போவதும் இதுதான்.

4. முன்பணம் வாங்கிக் கொஞ்சமாகப் போடுங்கள்

முன்பணம் தருபவர்தான் உண்மையான வாடிக்கையாளர். வெப்சைட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் போதும். அதில் 'நோன்பு', 'சீர்' என்று லேபிள் போட்டு வைத்தால் அடுத்த வருஷம் யாருக்குச் செய்தி அனுப்புவது என்று தேட வேண்டியதில்லை.

5. மற்றதைக் குறையுங்கள்

நோன்புக்கு முந்தைய வாரங்களில் மிக்சர் ஆர்டர் எடுப்பதில்லை. வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் அந்த நாட்களில் மாவு தாமதமானால் ஒரு குடும்பத்தின் நோன்பே தடைப்படும்.

பிறகு சேர்த்தது

'வருஷத்துக்கு ஒரு நாள் வியாபாரம் எப்படிக் கட்டுப்படியாகும்?' என்று பலர் கேட்டார்கள். சரியான கேள்வி. நோன்பு மட்டும் போதாது. ஆனால் அதே வீடுகளில்தான் வளைகாப்பும் சீரும் வருகின்றன. அதனால் புது ஆட்களைத் தேடாமல், அதே ஆட்களின் அடுத்த விசேஷத்தைக் கேளுங்கள்.

கண்டாங்கிச் சேலை நெய்பவர் ஒருவர், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தும் விற்பனை கூடவில்லையே என்று எழுதியிருந்தார். குறியீடு பெயரைப் பாதுகாக்கும், வாங்குபவரை நாம்தான் தேட வேண்டும். அவரும் முதல் படியிலிருந்தே தொடங்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அந்த நாட்டு விதியை முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியா விதை, பால் பொருள்களில் கடுமையாக இருக்கிறது. பார்சல் கட்டும் முன் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதி, வாங்குபவரிடமே சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.