டெராபைட் விலையை மட்டும் பார்த்துச் சேமிப்பகம் வாங்கலாமா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு மருத்துவமனையோ முந்திரி ஏற்றுமதி நிறுவனமோ தன் தரவுகளுக்குச் சேமிப்பகம் வாங்க முடிவெடுத்தால், மூன்று கொட்டேஷன்களை மேசையில் பரப்பி, மொத்த விலையை டெராபைட்டால் வகுத்து, குறைவானதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் வகுக்கும் எண்ணே பிழை என்பது, பல ஆண்டுகளாக சர்வர் அறைகளில் வேலை பார்த்துவரும் எனது கருத்து.

8 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு என்றால் கொட்டேஷனில் 96 டெராபைட் என்று இருக்கும். டிஸ்க் கெட்டாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். அதில் ரெய்டு 6 அமைப்பில் இரண்டு டிஸ்க்குகளின் இடம் பாதுகாப்புக்குப் போய்விடும். பழுதான டிஸ்க்கின் இடத்தில் உடனே இயங்குவதற்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்தால் மீதி 72. டிஸ்க் தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதும் கணினி 1024 ஆக எண்ணுவதும் வேறுவேறு என்பதால் திரையில் தெரிவது ஏறத்தாழ 65. விளிம்புவரை நிரப்பினால் வேகம் குறையும் என்று எண்பது விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் கையில் நிற்பது 52. வருக்கைச் சக்கை (பலாப்பழம்) வாங்கும் நம் ஊர்க்காரர் எவரும் மடலும் சவிணியும் கழித்துச் சுளை எவ்வளவு தேறும் என்று பாராமல் விலை பேசுவதில்லை. பல லட்ச ரூபாய்க்குச் சேமிப்பகப் பெட்டி வாங்கும்போது மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை. இதற்கு நேர்மாறாக, தரவைச் சுருக்கி வைப்பதால் மூன்று மடங்கு கொள்ளும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. சிசிடிவி பதிவு, கைப்பேசிப் படம் போன்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அவற்றில் அந்தக் கணக்கு செல்லாது.

வளர்ச்சியைக் கணிப்பதில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. கடந்த ஆண்டைவிடப் பத்து விழுக்காடு கூடும் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். சிடி ஸ்கேனில் 512 × 512 புள்ளிகள் கொண்ட ஒரு படம் சுமார் அரை மெகாபைட். ஒரு நோயாளிக்கு 500 படங்கள் என்றால் 250 மெகாபைட். நாளொன்றுக்கு 40 பேர் என்றால் 10 ஜிகாபைட், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.6 டெராபைட். உடலை ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாக எடுத்துவந்த படங்களை ஒரு மில்லிமீட்டர் அடுக்குகளாக எடுக்கத் தொடங்கினால், ஒரு நோயாளிகூடக் கூடாமலேயே படங்களின் எண்ணிக்கை ஐந்து மடங்காகிவிடும். ஆகவே சேமிப்புத் திட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது கணினிப் பிரிவை அல்ல, ஸ்கேன் அறையை.

ரெய்டு இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்ற எண்ணத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் பழைய லெட்ஜர்களுக்கும் நடுவே சர்வர் இருந்தது. ஒரு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தொந்தரவாக இருந்ததால் அலாரத்தை யாரோ நிறுத்திவிட்டிருந்தார்கள். அது ரெய்டு 5. ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. புது டிஸ்க்கைச் செருகி, மற்றவற்றிலிருந்து தரவு அதில் நிரம்புவதற்குள் இன்னொன்றும் நின்றுபோனது. டிஸ்க் எதுவும் கெடாவிட்டாலும், தவறுதலாக அழிக்கப்பட்டதையோ பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டியதையோ ரெய்டு அப்படியே எல்லா டிஸ்க்குகளுக்கும் கொண்டுபோகும்.

தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பலர் அறிவார்கள். ஆனால் நாகர்கோவில் அலுவலகத்தின் பிரதியை மார்த்தாண்டம் கிளையில் வைத்துவிட்டு அதை வெளியிடம் என்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, இவ்விரு ஊர்களும் உள்ள குமரி மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. ஒரே புயல் இரண்டையும் தொடும் தூரத்தில் இருக்கும் பிரதி, செலவுக் கணக்கில் மட்டுமே இரண்டாவது.

அப்படியானால் இணையம் வழியே வாடகைக்கு இடம் தரும் கிளவுடில் போட்டுவிடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் மாத வாடகையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. பெரிய கிளவுட் சேவைகளில் பொதுவாக ஏற்றுவதற்குக் கட்டணமில்லை, இறக்குவதற்கு உண்டு. அமேசானின் மிக மலிவான கிளேசியர் டீப் ஆர்கைவ் வகையில், 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் 180 நாளுக்கான பணம் போகும். கேட்ட கோப்பு கைக்கு வர வழக்கமான முறையில் 12 மணி நேரம்வரை ஆகலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பு இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினாலும் 10 டெராபைட்டை மீட்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். பழைய கணக்குகளுக்கு அந்த வகை பொருந்தும், நேற்றைய ஸ்கேனுக்குப் பொருந்தாது.

கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். கணினியில் வைத்திருந்தால் இந்தியாவில் உள்ள சர்வரில் தினந்தோறும் பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022இல் விதியும் திருத்தப்பட்டது. பெட்டிக்கு வாரண்டியோ பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு. மீதி ஆண்டுகளின் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் (ஏஎம்சி), புதுப் பெட்டிக்குத் தரவை மாற்றும் செலவையும் வாங்கும் நாளிலேயே எழுத்தில் வாங்காதவர், பிற்பாடு விற்றவர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

கடைசித் தவறு, பேக்கப் முடிந்தது என்று தினமும் வரும் மின்னஞ்சலை நம்பி இருந்துவிடுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போன வருடத்துக் கோப்பு ஒன்றை, அதை எடுத்துப் பழக்கமில்லாத ஊழியர் ஒருவரிடம் மீட்டெடுக்கச் சொல்லி, எத்தனை மணி நேரம் ஆனது என்பதைக் கொட்டேஷன் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும்.