லீவுக்கு வெளிக்கிடேக்க வருத்தம் வந்தா போறதோ நிக்கிறதோ?

கொழும்புக்கோ நுவரெலியாவுக்கோ டிக்கெட் போட்டு பேக்கும் கட்டினாப்பிறகு வீட்டில ஒராளுக்குக் காய்ச்சல் வந்தா, முதல்ல பாக்கவேண்டியது காசு போகுமோ எண்டதை இல்லை, என்ன வருத்தம் எண்டதை.

சும்மா தடிமன் காய்ச்சல் எண்டா, பனடோல் போடாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்து உடம்பும் தேறிக்கொண்டு வந்தா மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம். பனடோலைப் போட்டுக் காய்ச்சலை அடக்கிப்போட்டு ராத்திரி ஏசி பஸ்ஸில ஏறுறது சரியில்லை, யன்னலும் பூட்டி விடியும் மட்டும் பக்கத்தில இருக்கிறவையும் அந்தக் காத்தைத்தான் சுவாசிக்கினம். சத்தி, வயித்தாலை போறது எண்டா அது முழுசா நிண்டாப்பிறகு 48 மணித்தியாலம் கழியட்டும்.

கொப்புளிப்பான் எண்டா கதையே இல்லை, நில்லுங்கோ. கொப்புளம் போடுறதுக்கு ஒண்டு ரெண்டு நாள் முதலே தொத்தத் தொடங்கி எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டும் வரைக்கும் தொத்தும், அதுக்கு 5 நாளோ கூடவோ எடுக்கும். போற வீட்டில பிள்ளைத்தாச்சியோ கைக்குழந்தையோ இருந்தா அவைக்கு இது சின்ன வருத்தமில்லை. முந்தி வராத மற்றப் பிள்ளையளுக்கு, தொத்தின நாளிலயிருந்து 10 தொடக்கம் 21 நாளுக்குள்ள வரலாம், அதையும் யோசிச்சுத்தான் புதுத் திகதி போடுங்கோ.

இன்னொண்டு, மழைக்காலத்தில இஞ்ச யாழ்ப்பாணத்தில காய்ச்சல் எண்டா டெங்கோ எண்டு ரத்தம் பாக்காமல் வெளிக்கிடாதேங்கோ, முக்கியமா வள்ளத்தில போற நெடுந்தீவுப் பக்கம் போறதெண்டா. டெங்கில காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்து கூட, அப்ப ஆஸ்பத்திரிக்கு வர வள்ளத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. போற வீட்டுக்காரருக்கும் முதலே கோல் எடுத்து உள்ளதைச் சொல்லுங்கோ, அவை வாங்கோ எண்டாலும் அங்க வயசுபோனவை இருக்கினமோ எண்டு கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ.